இடது கைக்கான ஆட்டங்கள்

1983 ஜூன் 6, திங்கள்

விடியும்போதே சுமத்ராக் காற்று. மழை பக்கவாட்டில். சமையலறை ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாக, வேலையில்லாமல். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னைக்குப் போயிருந்தாலும் கேண்டீன்லதான் உக்காந்திருப்பேன்."

அதில் ஒரு சின்ன திருப்தி அவருக்கு.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. மாவுக்கட்டு வெட்டியாயிற்று. இடது மணிக்கட்டு. இத்தனை வருஷம் பத்து மாடி உயரத்தில் கிரேன் ஓட்டியவர், ஈரச் சந்தையில் மீன்கடை முன்னால் வழுக்கி விழுந்தார். கட்டுக்குள்ளிருந்து வந்த கை வேறு யாருடையதோ. வெளுத்து, மெலிந்து. விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. கட்டைவிரல் மரக்கட்டை.

தெரபி மிஸ் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். தினமும் அமுக்க வேண்டுமாம். 22ஆம் தேதி கம்பெனி டாக்டர் கையைப் பார்ப்பார். சரியென்றால் மறுபடி கிரேன். இல்லையென்றால் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரிகளின் கன்டெய்னர் பெட்டி நம்பர் எழுதும் வேலை.

அம்மா: "கேட் வேலைன்னா என்ன குறைச்சல்? தரையில இருக்கலாம்ல."

அப்பா பந்தை ஒரு தடவை அமுக்கிவிட்டு டி.வி. மேல் வைத்தார். உருண்டு பின்னால் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 7, செவ்வாய்

வெயில். செராங்கூன் ரோடு. பரீட்சை முடிந்து மூன்று வாரம், ரிசல்ட் வரவில்லை. புதிய கவிதை எதுவும் இல்லை. பழையவற்றைப் படித்தேன். எல்லாவற்றிலும் மௌனம், நிழல், கண்ணாடி. அலுப்பு.

பாயின் கைக்கடிகாரக் கடை. என் கடிகார வாருக்கு ஊசி மாற்றப் போனவன் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். கவுண்டரில் உள்ளங்கை அளவு விளையாட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றும் நைலான் கயிற்றில் கட்டி. நின்றபடி ஆடிவிட்டுப் போக வேண்டியது. எல்லாமே சாம்பல் திரை, கறுப்பு உருவங்கள், டிக் டிக் சத்தம். உருவங்கள் நகர்வதே இல்லை. ஒரு இடத்தில் அணைந்து அடுத்த இடத்தில் எரிகின்றன. நடுவில் இருக்கும் நகர்வை நாம்தான் போட்டுக்கொள்கிறோம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை.

பாய்க்கு ஒரு கவலை. மொத்த வியாபாரி புது மாடல்களாகக் கொண்டுவந்து கொட்டுகிறான், எதை வாங்குவது என்று தெரியவில்லை.

"நீங்க ஆடிப் பாக்கலாமே பாய்?"

"நானா? எனக்கு எல்லாம் ஒரே டிக் டிக்குதான் தம்பி. நீ யுனிவர்சிட்டி, நீ சொல்லு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. வாடகை வேணாம். எது ஓடும் எது ஓடாதுன்னு நாலு வரி எழுதிக் கொடு."

ஆக, விமர்சகனாகிவிட்டேன். இரண்டு பெட்டிகள், ஒரு பிளாஸ்டிக் பையில். பஸ் 10 நிமிடம் தாமதம். கவலையில்லை.

ஜூன் 8, புதன்

பாய்க்கு எழுதிய முதல் குறிப்பு:

"கூடை ஆட்டம். மேலிருந்து நாலு கயிற்றில் கூடைகள் இறங்கும். கீழே ஒரு ஆள். இடது பொத்தான், வலது பொத்தான், அவ்வளவுதான். கூடை தரையைத் தொடுமுன் பிடிக்க வேண்டும். முடிவு கிடையாது, வேகம் மட்டும் கூடும். மூன்று கூடை விட்டால் போச்சு. அருமை. நிறைய வாங்குங்கள்."

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னடா அது, கொசு மாதிரி கத்துது."

"நீங்க ஆடுங்கப்பா."

"எனக்கு எதுக்கு?" என்றபடியே வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும்தான் பிடிக்க முடியும். இடது கட்டைவிரல் இடது பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு துள்ளல். ரப்பர் பந்தைவிட இது மேல்!

முதல் கூடை இறங்கியது. அப்பா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமுக்குங்கப்பா!"

"இரு, ஆடி நிக்கட்டும்."

"இது ஆடாதுப்பா."

"கயித்துல தொங்குறது ஆடாம எப்படிடா?"

கூடை விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார். கிரேனில் தொங்கும் பெட்டி எப்போதும் ஆடும், அது அடங்கும் நேரம் பார்த்துத்தான் இறக்க வேண்டும். திரையில் இருப்பதைப் பார்க்காமல், இருக்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோசமான ஆட்டம். கயிறு கட்டத் தெரியாதவன் செஞ்சது" என்றார்.

பெட்டியைத் திருப்பித் தரவில்லை. அம்மா காப்பிக்குக் கூப்பிடும்வரை டிக் டிக்.

ஜூன் 9, வியாழன்

தெரபி. அப்பாவின் கட்டைவிரல் நேற்றைவிட மடங்குகிறது! மிஸ் பாராட்டினார்: "அங்கிள், பந்து நல்லா அமுக்குறீங்க போல." அப்பா ஒன்றும் தெரியாதவர் போலத் தலையாட்டினார். பந்து இன்னும் டி.வி.க்குப் பின்னால்.

ஜூன் 10, வெள்ளி

இரண்டாவது குறிப்பு. மடக்கும் பெட்டி. பவுடர் டப்பா போலத் திறந்தால் இரண்டு திரை. கீழ்த்திரையில் ஏணி ஏறி, மேல்திரைக்குப் போய், விளக்குகளை ஏற்றிவிட்டு இறங்க வேண்டும். மேலே பறவை கொத்தும், கீழே நாய் துரத்தும். ஒரே ஆளாக இரண்டு இடத்தில் இருக்கச் சொல்லும் ஆட்டம். எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகல் முழுக்கச் சாப்பாடு ஆறிப்போக ஆடினேன்.

அப்பாவுக்கு ஆகவில்லை. மேல்திரைக்குப் போனதும் செத்துவிடுகிறார். மூன்று தடவை பார்த்த பிறகு புரிந்தது. அவர் மேலே பார்ப்பதே இல்லை. கிரேன் கூண்டில் கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை. வாழ்க்கை முழுக்கக் குனிந்து கீழே பார்த்த கண்.

"மேல ஒரு திரை இருக்குப்பா."

"மேல என்ன இருக்கப் போவுது? வானம்தான்."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

பாய்க்கு: "மடக்கும் பெட்டி பிரமாதம். கிரேன் ஓட்டுபவர்களுக்கு விற்க வேண்டாம்."

ஜூன் 12, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து பிடோக் வட்டாரம். கூட்டாளி ரவி வீட்டுக்கு. ரவியின் அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவர், ஜப்பான் போய் வரும்போது டி.வி.யில் மாட்டும் ஆட்டப் பெட்டி வாங்கி வந்திருக்கிறார். ரவி குடும்பம் இரண்டு வாரம் பினாங்கு போகிறது. கெஞ்சினேன்.

"கேட்ரிட்ஜ் எல்லாம் தரேன் லா. ஆனா ஒரு கீறல் விழுந்தா எங்கண்ணன் என்னைக் கடல்ல தள்ளிடுவாரு. சீரியஸா சொல்றேன்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தை மாதிரி.

ஆன்டெனா வயரைக் கழற்றி மாட்டினேன். அம்மா: "அப்ப எனக்கு ராத்திரி தமிழ் நிகழ்ச்சி?" பேச்சுவார்த்தை. தமிழ் நிகழ்ச்சி நேரத்தில் வயர் அம்மாவுக்கு. மற்ற நேரம் எங்களுக்கு.

பிறகு வர்ணம்! சாம்பல் திரைக்குப் பிறகு இப்படி ஒரு நீலம். நிஜமாகவே கத்திவிட்டேன்.

ஜூன் 13, திங்கள்

மூன்று கேட்ரிட்ஜ், ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டம். அவசரக் குறிப்புகள்.

டாங்கி ஆட்டம்: இரண்டு டாங்கி, நடுவில் சுவர்கள். குண்டு சுவரில் பட்டு மடங்கி வரும். அப்பா சுட்ட குண்டு அவரையே கொன்றது. இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவு தட்டி, "ஃபைட்டிங் ஆ?" என்றார்.

மட்டை ஆட்டம்: ஆளுக்கொரு மட்டை, ஒரு பந்து. மிக எளிமை. எளிமைதான் கஷ்டம். இரண்டு பேர் இருந்தால் மட்டுமே உயிர் வரும்.

இறங்கும் ஆட்டம்: இதைப் பற்றி நாலு வரியில் எழுத முடியாது. சந்திரனில் ஒரு ஓடம். அதை ஒவ்வொரு மலையாகத் தாண்டி, அடிவாரத்தில் ஒரு சின்ன மேடையில் அலுங்காமல் வைக்க வேண்டும். ஜாய்ஸ்டிக் குச்சியை விட்டாலும் ஓடம் நிற்காது, போன திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் தள்ளி அடக்க வேண்டும். நான் பன்னிரண்டு ஓடத்தை உடைத்தேன்.

அப்பா முதல் தடவையிலேயே இறக்கினார்.

பார்த்தேன். குச்சியை ஒரு தட்டு. காத்திருப்பு. எதிர்ப்பக்கம் அரைத் தட்டு. ஓடம் தொங்கி நின்று, ஒரு மூச்சு விட்டு, உட்கார்ந்தது.

"இவன் வேலை தெரிஞ்சவன்" என்றார். ஆட்டத்தைச் செய்த, முகம் தெரியாத ஜப்பான்காரனைச் சொல்கிறார்.

எனக்கு விசில் அடிக்க வராது. வந்திருந்தால் அடித்திருப்பேன்.

ஜூன் 14, செவ்வாய்

மழை. நாள் முழுக்க இறங்கும் ஆட்டம். அப்பா ஆறாவது மலை தாண்டிவிட்டார். அங்கே மேடையே நகர்கிறது.

எங்களுடையது ஷிப்டு வீடு. ஒருவர் தூங்கும்போது மற்றவர்கள் மெதுவாக நடக்கும் வீடு. அப்பாவும் நானும் இத்தனை மணி நேரம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தது இதற்கு முன் எப்போது? நினைவில்லை. முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் பேச்சு வருகிறது. முதல் தடவை கூண்டுக்கு ஏறிய அன்று வாந்தி எடுத்தாராம். அம்மாவுக்குத் தெரியாதாம்.

ஜூன் 16, வியாழன்

தெரபி. அடி விழுந்தது.

மிஸ் பிடி அளக்கும் கருவியைக் கொடுத்தார். அமுக்கினால் முள் நகரும். முள் போன வாரம் நின்ற இடத்திலேயே. இரண்டாவது தடவையும் அதே. மிஸ் என்னையும் அவரையும் பார்த்தார்.

"அங்கிள், யூ நெவர் டூ யுவர் எக்சர்சைஸ் லா."

"நாலு நாளா விடாம ஆடறோமே மிஸ்..." என்று நான்தான் உளறினேன். எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று, பந்து டி.வி.க்குப் பின்னால் கிடப்பது உட்பட. மிஸ் கோபப்படவில்லை. எப்படிப் பிடித்து ஆடுகிறார் என்று காட்டச் சொன்னார். அப்பா காற்றில் காட்டினார். இடது கை குச்சியின் அடிப்பெட்டியைச் சும்மா தாங்கியிருக்க, வலது கை குச்சியைப் பிடித்து.

வலது கை.

ஆறு மலைகளையும் தாண்டியது வலது கை. இடது கை ஒரு மேசையின் வேலையைத்தான் செய்திருக்கிறது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே அதிகக் கவனமாகப் பார்ப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

கிரேனில் பெட்டியை ஏற்றி இறக்குவது வலது லீவர். கப்பலிலிருந்து கரைக்கு நகர்த்துவது இடது. இடது இல்லாவிட்டால் பெட்டி கப்பல் மேலேயே தொங்கும்.

இன்னும் ஆறு நாள்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம். இறங்கும்போதுதான் பேசினார். "வீட்டுல ராஃபியா கயிறு இருக்கா?"

ஜூன் 17, வெள்ளி

அப்பாவின் ஏற்பாடு: பிரம்பு நாற்காலி. அதன் இடது கைப்பிடி மேல் அடிப்பெட்டியை ராஃபியா கயிற்றால் இறுகக் கட்டியாயிற்று. கூண்டில் இருக்கை அப்படித்தான் இருக்குமாம், லீவர் கைக்குப் பக்கத்தில். இனி இடது கை மட்டும். வலது கையை என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

முதல் மலையே தாண்ட முடியவில்லை. ஓடம் உடைந்தது. உடைந்தது. உடைந்தது. நெற்றியில் வியர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டு.

அம்மா: "போதுங்க. வலிக்குதுல்ல? நிறுத்துங்க."

"வலிக்கல."

"முகத்தப் பாத்தா தெரியாதா எனக்கு?"

"அப்ப முகத்தப் பாக்காத. டி.வி.யப் பாரு."

அவள் பார்த்தாள். ஓடம் மேடையின் ஓரத்தில் ஒரு காலை வைத்து, சாய்ந்து, சாய்ந்து, நின்றது! மூவரும் "ஆ" என்றோம். அம்மா உடனே சமையலறைக்குப் போய்விட்டாள், தான் கத்தவே இல்லை என்பது போல.

டி.வி.யை நகர்த்தி ரப்பர் பந்தை எடுத்தேன். தூசி. கழுவிக் கொடுத்தேன். ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் அமுக்குகிறார்.

ஜூன் 18, சனி

அப்பாவையும் கூட்டிக்கொண்டு செராங்கூன் ரோடு. பாயிடம் குறிப்புகளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வாசித்தார். "என்ன தம்பி, கடைசி வரி? கிரேன் ஓட்டுறவங்களுக்கா?" அப்பாவைக் கைகாட்டினேன்.

அப்பா ஏற்கெனவே கவுண்டரில். கூடை ஆட்டம், இடது கையில் மட்டும் பிடித்து, ஒரே கட்டைவிரலால் இரண்டு பொத்தானையும் எட்டி எட்டி அமுக்கிக்கொண்டு. இப்போது காத்திருப்பதில்லை. பூ வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஒரு கூட்டம்.

"அண்ணே, மெதுவா! கயிறு அந்துடப் போவுது."

"சும்மா இருங்க பாய், கூடை வருது."

"யாருய்யா இது, இந்த வயசுல?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ரெண்டு கையால ஆடறவன் எவன் வேணா வா" என்றார் அப்பா, திரையிலிருந்து கண் எடுக்காமல்.

யாரும் வரவில்லை. பிறகு ஹோட்டலில் மட்டன் பிரியாணி. இடது கையால் தண்ணீர்க் குவளையைத் தூக்கினார். நிறைந்த குவளை. ஒரு துளி சிந்தவில்லை.

ஜூன் 20, திங்கள்

நான்காவது மலை, இடது கையால். ஐந்தாவதும்! காலை வெயில், ஜன்னல் திறந்து, துறைமுகத்திலிருந்து கிரேன்களின் எச்சரிக்கை மணி. அப்பா தாளம் போல அதற்கேற்ப ஆடுகிறார்.

ஒரு உறுத்தல். நான் இவரை மேலே அனுப்பத்தான் இவ்வளவு உற்சாகமாக உதவுகிறேனா? மறுபடி பத்து மாடி. அதை நினைத்ததும் என் ஓடம் உடைந்தது.

ஜூன் 22, புதன்

கம்பெனி டாக்டர். நான் வெளியே பெஞ்சில். உள்ளே நீண்ட நேரம். ஒரு விரல் நகத்தையும் கடிக்காமல் விடவில்லை நான்.

அப்பா வெளியே வந்தார். டாக்டர் பிடி பார்த்தார், கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொடச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். கை சரி! ஆனால் முழுக்கச் சரி என்று கையெழுத்துப் போட அவர் மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை பயிற்சி அதிகாரி கூண்டில் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். அவர் வேண்டாம் என்றால் கேட்தான்.

"பாதி இறங்கிட்டோம்" என்றார் அப்பா.

ஜூன் 23, வியாழன்

மத்தியானம். அப்பா தூங்குகிறார். சமையலறையில் அம்மா, வெங்காயம். நான் பூண்டு உரித்துக்கொண்டு.

"உங்கப்பாவுக்கு நாளைக்கு ஆகலன்னா நல்லதுன்னு நெனச்சா, பாவமாடா?"

அடுத்த பூண்டை எடுத்தேன். அம்மா தொடர்ந்தாள்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இந்த ஜன்னலப் பாத்ததில்ல நான். வெங்காயம் அரியறப்பகூடச் சுவத்தப் பாத்துத்தான் நிப்பேன். கிரேன் தெரியுதுல்ல. எல்லாரும் சொல்லுவாங்க, என்ன அருமையான வியூன்னு."

உண்மை. இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் நின்றாள். இவ்வளவு வருஷம், நான் கவனித்ததில்லை.

"அப்பாகிட்ட சொல்லேம்மா."

"சொல்லி? அந்த மனுஷன் கேட்டுல உக்காந்து நம்பர் எழுதிட்டு வந்து இங்க மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருப்பாரு. அதையும் பாக்க முடியாதே." வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டாள். "அந்தச் சந்திரன் ஆட்டத்துல இறக்குறப்ப அவரு மூஞ்சியப் பாத்தியா?"

பார்த்திருந்தேன்.

ஜூன் 24, வெள்ளி

காற்றே இல்லை. தெளிவான வானம். அப்பா காலையில் சவரம் செய்து, வேலைச் சட்டை, பூட்ஸ். இடது கையால் லேஸ் கட்டினார். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள்.

எட்டு மணியிலிருந்து ஜன்னலில் நான். எந்தக் கிரேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் பெட்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன, கப்பலிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து கப்பலுக்கு. ஒன்று கொஞ்சம் மெதுவாக. அதுவாக இருக்கலாம். அது இல்லாமலும் இருக்கலாம். அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். வெளியே பார்த்தாள்.

"எதுடா?"

"தெரியலம்மா."

"அந்த மெதுவா போறது" என்றாள், சந்தேகமே இல்லாமல். நிறைய நேரம் நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை ரவி வருகிறான், பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். துடைத்து வைக்க உட்கார்ந்தேன். கை வரவில்லை. மட்டை ஆட்டத்தைப் போட்டு, எதிராளி இல்லாத திரையில் பந்து தானாக வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு மேல் கதவு. அப்பா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றினார். கை கழுவினார். அம்மா துண்டைக் கையில் வைத்தபடி. நான் எழுந்திருக்கவில்லை, பயம்.

அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையைக் குச்சியில் வைத்தார்.

"ஆரம்பி."

ஆரம்பித்தேன். பந்து போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. அவருடைய மட்டை மெதுவாக, நேராக, பந்து வரும் இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றது.

"திங்கக்கிழமை" என்றார். "மத்தியான ஷிப்டு. கூண்டுதான்."

பின்னால் அம்மா துண்டை உதறி மடிக்கும் சத்தம். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு அம்மா:

"சாப்பாடு கட்டணுமா, கேண்டீன்லயே பாத்துக்குவீங்களா?"

"கட்டிடு."

பந்து என் மட்டையைத் தாண்டி வெளியே போயிருந்தது. அப்பாவுக்கு ஒரு பாயிண்ட்.